கடவுளோடு எனக்கென்று ஒரு நெருக்கமான உறவு எப்படி வளரும்?

கேள்வியில் நீங்கள் சொல்வது இதுதான்: பல வருடமாக விசுவாசத்தில் இருக்கிறீர்கள், ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை, வேதம் வாசிக்கிறீர்கள், படுக்கும் முன் ஜெபமும் உண்டு. ஆனாலும் கடவுள் எங்கோ தள்ளி இருப்பது மாதிரியே இருக்கிறது. மற்றவர்கள் "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்லும்போது எனக்கு மட்டும் ஏன் அப்படி இல்லை என்று ஏக்கமாக இருக்கிறது, என்ன செய்வது?

முதலில் அந்த ஏக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை உங்கள் விசுவாசத்தில் உள்ள குறையாக எண்ணாதீர்கள். பிதா இழுக்காவிட்டால் ஒருவனும் என்னிடம் வரமாட்டான் என்று இயேசு சொன்னது யோவான் 6-ல் இருக்கிறது. நீங்கள் தேடுகிறீர்கள் என்றால் உங்களை யாரோ இழுத்துக்கொண்டிருக்கிறார். "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்று யோவான் எழுதியதும் அதைத்தான் சொல்கிறது. ஆக, இல்லாத ஒரு உறவை நீங்கள் ஒண்டியாக உழைத்து உண்டாக்கப் போவதில்லை, அவர் ஏற்கெனவே தொடங்கி வைத்ததற்குப் பதில் சொல்லப் போகிறீர்கள்.

எப்படிப் பதில் சொல்வது? ஜெப நேரத்தைக் கூட்டுவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம் என்பேன். அந்த நேரத்தில் அவரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள், அதைச் சொல்ல ஆரம்பியுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த விஷயம் வேறு இல்லை.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆபீசில் உங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு உங்களுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போய்விட்டது. அன்று இரவு நாம் பெரும்பாலும் எப்படி ஜெபிப்போம்? "ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், என் வேலையை ஆசீர்வதியும், உம்முடைய சித்தமே ஆகட்டும், ஆமென்." வார்த்தைகளில் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் அதைச் சொல்லும் மனிதர் அங்கே இல்லை. உள்ளே ஓடிக்கொண்டிருப்பது வேறு: "அது எனக்கு வந்திருக்க வேண்டியது. அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாளைக்கு அவன் ஏதாவது சொதப்பினால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறேன். உம்மேலும் எனக்குக் கோபம்தான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீரே." இதை அப்படியே, வாய்விட்டு, அவரிடம் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருப்பது தெரியும், என்னை யாரும் பெரிதாக மதிக்கவில்லையோ என்கிற பயம், ஒருவேளை பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட வருகிற பயம். அந்த இடத்தில்தான் உங்களுக்கு ஆண்டவர் தேவைப்படுகிறார். மரியாதையான ஜெபம் அந்த இடம் வரைக்கும் போவதே இல்லை, அதனால் அவர் தொட வேண்டிய இடமும் தொடப்படாமலே இருக்கிறது, பிறகு அவர் தூரமாக இருக்கிறார் என்று தோன்றாமல் என்ன செய்யும்?

கடவுளிடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று கேட்பவர்கள் சங்கீத புஸ்தகத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடும்தான் மிகப் பெரிய பங்கு. 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதத்தில் கடைசி வரைக்கும் ஒரு ஆறுதல் வரி கூட வருவதில்லை, இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஆராதனையில் பாடவும் பட்டிருக்கிறது. யோபுவைப் பாருங்கள். அவனுடைய சிநேகிதர்கள் கடவுளுக்கு வக்காலத்து வாங்கி அழகழகாகப் பேசினார்கள், யோபுவோ அவரோடு வழக்காடினான், கடைசியில் கர்த்தர் அந்தச் சிநேகிதர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று சொல்லிவிட்டார். சிலுவையில் இயேசு கூப்பிட்டதும் ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரிதான், 22-ஆம் சங்கீதம்.

என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை கூட வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து அந்த 88-ஆம் சங்கீதத்தைத்தான் மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பேன். அதில் ஆறுதல் சொல்லப்படவில்லை என்பதே அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது, என் நிலைமையில் ஒருவர் எனக்கு முன்னால் இதே ஆண்டவரிடம் நின்றிருக்கிறார் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

சரி, பேசுவது ஒரு பக்கம். அவர் சொல்வதைக் கேட்பது இன்னொரு பக்கம், அதற்கு வேத வாசிப்பு. இங்கேதான் பலருக்குச் சிக்கல், ஏனென்றால் ஒரு வருடத்தில் முழு வேதாகமம் என்று அட்டவணை போட்டு ஓடுகிறோம், அதிகாரம் முடிகிறது, மனதில் ஒன்றும் தங்குவதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் (1805–1898) ஜெப வீரர் என்று பெயர் எடுத்தவர். காலையில் எழுந்து உடுத்தியதும் நேரே ஜெபத்தில் இறங்குவதுதான் பல வருடம் அவருடைய வழக்கம். ஆனால் மனம் அலைபாய்ந்து கால் மணி நேரம், சில சமயம் அரை மணி நேரம் கூட வீணான பிறகுதான் உண்மையாக ஜெபிக்கவே தொடங்க முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1841 வாக்கில் வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தை எடுத்து, பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கும் எண்ணமில்லாமல், தன் ஆத்துமாவுக்கு ஆகாரமாக மட்டும் மெதுவாகத் தியானிப்பது, அப்புறம் அந்த வசனம் கொண்டுபோகிற இடத்திலிருந்து ஜெபிப்பது. அவருக்கே மனம் அலைபாய்ந்தது என்றால் நாம் மனம் தளர வேண்டிய அவசியமே இல்லை.

மெதுவாக வாசிப்பது என்றால் என்ன? யோவான் 21-ஐ எடுங்கள். இரவெல்லாம் வலைபோட்டு ஒன்றும் அகப்படாமல் சீஷர்கள் களைத்திருக்கிறார்கள், விடியற்காலையில் கரையில் இயேசு நிற்கிறார், கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அந்தக் கரிநெருப்பில் கொஞ்சம் நில்லுங்கள். மூன்று அதிகாரம் முன்னால் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் ஒரு கரிநெருப்பு இருந்தது, அந்த இரவில்தான், அதில் குளிர்காய்ந்த பேதுரு "நான் அல்ல" என்கிற பாணியில் இயேசுவை மூன்று தடவை மறுதலித்தான். இப்போது இன்னொரு கரிநெருப்பு, எதிரில் அதே இயேசு. பேதுருவுக்கு அந்தப் புகையின் வாசனையில் என்னென்ன ஞாபகம் வந்திருக்கும்? இயேசு முதலில் கணக்குக் கேட்கவில்லை, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்ட பிறகுதான், "என்னை நேசிக்கிறாயா" என்று, மறுதலித்த அளவுக்கே, மூன்று தடவை கேட்டார். இனி பேதுருவின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அவர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதையே கேட்டால் உங்கள் வாயில் என்ன வரும்? வருவதைச் சொல்லுங்கள். பேதுரு கூட பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்காமல் "ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர்" என்றுதான் சொன்னான். ஒரு காலைப்பொழுதுக்கு இந்த ஒரு காட்சி தாராளமாகப் போதும்.

"ஆண்டவர் பேசினார்" என்று சொல்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். சிலருக்கு அப்படித் தெளிவாக நடக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் பெரும்பாலான விசுவாசிகளுக்கு அது காதில் விழும் குரலாக வருவதில்லை. வாசித்த வசனம் ஒன்று நாள் முழுக்க விடாமல் கூடவே வரும், மனசாட்சி ஒரே விஷயத்தில் திரும்பத் திரும்ப உறுத்தும், நம்மை நன்றாகத் தெரிந்த ஒரு மூத்த விசுவாசி எதேச்சையாகச் சொல்வது சரியாக வந்து குத்தும். அதனால் மற்றவர்களின் சாட்சியோடு உங்களை ஒப்பிட்டு வருந்த வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: யாராவது வந்து "உனக்காக ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார், இன்னாரைக் கல்யாணம் செய், இவ்வளவு காணிக்கை கொடு" என்றால் பயந்து தலையாட்டாதீர்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். கிறிஸ்துவின் குணத்துக்குப் பொருந்தாத செய்தி யார் வாயிலிருந்து வந்தாலும் அது அவருடையது இல்லை.

இதையெல்லாம் செய்தும் வறட்சி வரும், சிலருக்கு மாதக்கணக்கில். அதை வைத்து உறவு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அன்னை தெரசா 1997-ல் இறந்தார், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007-ல் வெளியானபோதுதான் பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே ஜெபித்தும் ஊழியம் செய்தும் வந்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. உணர்வு இல்லை, உறவு இருந்தது. இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இப்படிப்பட்ட இருண்ட நேரத்துக்கு ஒரு விதி சொல்லிவைத்தார்: மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை வறட்சியில் மாற்றாதே. ஜெபத்தை, சபையை, ஒரு ஊழியத்தை விட்டுவிடலாமா என்று தோன்றும் நாட்களில் எனக்கு இதுதான் கைகொடுக்கிறது.

ஆனால் எல்லா வறட்சியும் ஆவிக்குரியது என்று நினைப்பதும் தப்பு. எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடிருப்பதே பாரமாக இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். ஜெபம் குறைந்ததால்தான் இப்படி என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள், வேறு யாரையும் அப்படிச் சொல்லவும் விடாதீர்கள்.

அப்புறம் மனிதர்கள். இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. கண்ட சகோதரனை நேசிக்காதவன் காணாத தேவனை எப்படி நேசிப்பான் என்று யோவான் கேட்கிறார். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார். உங்கள் ஜெபத்தில் ஒரு குறிப்பிட்ட முகம் திரும்பத் திரும்ப வந்து இடைஞ்சல் செய்தால் அதைக் கவனச்சிதறல் என்று ஒதுக்காதீர்கள், அவரைப் பற்றியே ஜெபிக்க வேண்டியிருக்கலாம், போன் போட வேண்டியிருக்கலாம். (அடித்தவரிடம், துன்புறுத்தியவரிடம் திரும்பிப் போகச் சொல்லவில்லை. மன்னிப்பது வேறு, அவர் கைக்கு மறுபடியும் எட்டும் தூரத்தில் நிற்பது வேறு.) உங்களுக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒரு பாவம் இருந்தால், நம்பிக்கையான ஒரே ஒருவரிடமாவது, போதகரோ குருவோ நல்ல சிநேகிதரோ, அதை வாய்விட்டு அறிக்கையிடுங்கள். ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு சொல்வது சும்மா இல்லை. தனியாகச் சுமப்பதன் பாரம் அங்கே இறங்கத் தொடங்கும்.

நேரத்தைப் பற்றிக் கடைசியாக. மாற்கு முதலாம் அதிகாரத்தில், முந்தின நாள் சாயங்காலம் பட்டணம் முழுவதும் வீட்டு வாசலில் கூடியிருந்தது, மறுநாள் இருட்டோடே எழுந்து இயேசு வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார், அங்கேயும் சீமோன் தேடி வந்து எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றான். அவருக்கே வேலை ஓய்ந்தபின் கிடைத்த நேரம் இல்லை அது, எடுத்துக்கொண்ட நேரம். நீங்களும் ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடமானாலும் சரி, போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். கைக்குழந்தை இருக்கிறது, இரவு ஷிப்ட் பார்க்கிறேன் என்றால், பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் செய்ததைச் செய்யுங்கள், கை வேலை செய்துகொண்டிருக்க ஆண்டவரோடு சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே இருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம், அந்த நாளுக்குரியதை மட்டும் செய்தால் போதும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் மாற்கு சுவிசேஷம் நல்லது, 16 அதிகாரம்தான், ஒரு தடவைக்கு ஒரு சம்பவத்துக்கு மேல் போகாதீர்கள், வாசித்து முடித்ததும் அந்தச் சம்பவத்தில் உங்களுக்குப் பிடிக்காதது, புரியாதது, பயமாக இருப்பது எதுவோ அதை அவரிடமே கேளுங்கள்.