பெயர் எழுதாத தாள்

வணக்கம் ஐயா,
பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கழிப்பறைக்குப் பின்னால் போதைக்கு விழுங்குகிற வலி மாத்திரையின் காலி அட்டைகள் கிடந்தன. பையன்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டோம். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. வியன்னாவிலும் லிஸ்பனிலும் நாடுகள் கூடிப் போதைக் கணக்கு எடுப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் எங்கள் பள்ளிக்கு என்ன இருக்கிறது?
- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நிறைய இருக்கிறது. நிற்க வைத்துக் கேட்டால் பதில் வராது என்பதிலிருந்துதான் அவர்களே தொடங்குகிறார்கள். ஐரோப்பாவில் 1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் 'எஸ்பாட்' என்று ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. பல நாடுகளுக்கும் ஒரே கேள்விகள். தாளில் பெயர் கிடையாது. போதைப்பொருள் பட்டியலுக்கு நடுவே 'ரெலெவின்' என்று ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை! வீம்புக்கு எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுகிற பையனைப் பிரித்தெடுக்க வைத்த கேள்வி அது. பிள்ளைகளோடு பழகிய யாரோதான் இதை யோசித்திருக்க வேண்டும்.

கேள்வி ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஓரிடத்தில் 'எப்போதாவது தொட்டதுண்டா' என்றும் இன்னோரிடத்தில் 'போன 30 நாளில்' என்றும் கேட்டால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. வியன்னாவிலுள்ள ஐ.நா. அலுவலகம் ஆண்டுதோறும் எல்லா நாடுகளுக்கும் ஒரே படிவத்தை அனுப்புவது இதற்காகத்தான்.

நமக்குக் கிடைப்பதோ பிடிபட்ட கணக்கு. ஓசூர் ஜூஜுவாடி சோதனைச்சாவடியில் இத்தனை கிலோ என்று செய்தி வருகிறது. வரத்து கூடியதா, சோதனை கூடியதா? அந்த எண்ணுக்குத் தெரியாது. 2019-இல் வெளியான எய்ம்ஸின் போதைப் பழக்கக் கணக்கெடுப்பு 186 மாவட்டங்களில் 4.7 லட்சம் பேரிடம் கேட்டு எடுத்த பெரிய வேலை. ஆனால் அது மாநில அளவிலான கணக்கு. உங்கள் பள்ளி அதில் தெரியாது.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பரோடு ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். மீசை அரும்பாத பையன் ஒருவன் வந்து, மாத்திரையின் பெயரை மில்லிகிராமோடு சொன்னான். "சீட்டு இருக்கா தம்பி?" என்றார். பதில் சொல்லாமல் போய்விட்டான். "இன்னிக்கு மூணாவது ஆள்" என்றார் நண்பர். மூன்று பேரையும் யாரும் எழுதி வைக்கவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது. இப்படிப்பட்ட துணுக்குத் தகவல்களைத்தான் ஆய்வகத்திலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் திரட்டி, புதிதாக ஒன்று தலைகாட்டினால் ஐரோப்பிய நாடுகள் லிஸ்பனிலுள்ள தங்கள் போதைப்பொருள் மையத்தின் வழியாக ஒன்றுக்கொன்று 1997 முதல் எச்சரித்துக்கொள்கின்றன.

தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். பெயரில்லாத தாள், மூடிய பெட்டி, ஐந்தே கேள்வி. அடுத்த ஆண்டு அதே மாதம், அதே ஐந்து. கையெழுத்தை வைத்து யாரென்று தேட வேண்டாம். தேடினால் மறு ஆண்டு தாள் வெறுமையாக வரும். உதவி வேண்டுமென்று வருகிற பிள்ளைக்கு போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள்.

அந்தக் காலி அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண் கிழியாமல் இருந்தால் மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள். சரக்கு எந்த வழியாக வந்தது என்று அவர் தேடத் தொடங்க அது போதும்.