எந்த டப்பா எந்த வேலைக்கு? ஸ்பிரே ஆயில், துருத் தடுப்பு: கேள்வி பதில்

இயந்திரப் பராமரிப்பில் ஃபிட்டராக இருப்பவன் நான். என்னிடம் கேள்வி கேட்டவர்களில் பலர் "நல்ல ஸ்பிரே ஒன்று சொல்லுங்கள்" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஜாம் ஆனதைக் கழற்றவா, ஓடுவதை வழுக்க வைக்கவா, சும்மா இருப்பதைத் துருவிலிருந்து காக்கவா என்று தெரியாமல் பெயர் சொல்வதில் பயனில்லை. மூன்றும் வேறு வேறு வேலை.

திருவொற்றியூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன் சார். ஸ்பேனர், வெர்னியர் (அளவு பார்க்கும் கருவி), ட்ரில் பிட் எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்துத்தான் வைக்கிறேன். மழைக்காலம் வந்தால் துரு ஏறிவிடுகிறது. போலி டப்பாவா?

போலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அசல் டப்பாவும் கடலோரத்தில் அதிக நாள் தாங்காது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய சரக்கு அது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டில் ஈரம் தங்காமல் இருக்க அதைப் பூசினார்கள். நனைந்த உலோகத்திலிருந்து தண்ணீரைத் தள்ளுவதில் இன்றும் அது கெட்டிதான். ஆனால் டப்பாவுக்குள் இருப்பதில் சுமார் பாதி, காற்றில் பறந்துவிடும் கரைப்பான். அது போன பிறகு நிற்கிற எண்ணெய்ப் படலம் ரொம்ப மெல்லியது.

உங்கள் ஊரில் எதிரி வெறும் ஈரம் அல்ல, உப்பு. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். சென்னைக் காற்று அந்த அளவுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். கை வியர்வையிலும் உப்புதான். உப்பைத் துடைக்காமல் மேலே எதை அடித்தாலும், அது உள்ளேயிருந்து அரிக்கும்.

அதனால் வேலை முடிந்ததும் பனியன் வேஸ்டில் (கழிவுத் துணியில்) மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், காய விடுங்கள். தினமும் கையில் எடுக்கிற ஸ்பேனருக்கு மெஷின் ஆயில் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும். வாரக்கணக்கில் பெட்டியில் கிடப்பதற்கு மெழுகுப் படலம் அல்லது லானோலின் படலம் விடுகிற துருத் தடுப்பு ஸ்பிரே வாங்குங்கள். லானோலின் என்பது ஆட்டு ரோமத்தில் இருக்கும் கொழுப்பு, லேசில் கழுவிப் போகாது. வெர்னியருக்கு மட்டும் மெழுகு வேண்டாம், நகரும் தாடை பிசுபிசுத்துவிடும், மெல்லிய ஆயில்தான். பேரிங் சுற்றி வருகிற துருத் தடுப்புத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். அதிலிருந்து வரும் ஆவிதான் துருவைத் தடுக்கிறது. மூடிய டிராயருக்குள் போட்டால் நல்ல பலன், திறந்த அலமாரியில் வீண்.

இன்னொன்று: பட்டறைக்குள் ஆசிட் பாட்டில் இருக்கிறதா? கக்கூஸ் கழுவும் ஆசிட்டின் புகை, மூடி சரியில்லாவிட்டால், அந்த அறையில் இருக்கிற இரும்பு முழுவதையும் சிவக்க வைக்கும். முதலில் அதை வெளியேற்றுங்கள்.

மேலே சொன்ன துருத் தடுப்பு ஸ்பிரேயைக் கடையில் எப்படி அடையாளம் காண்பது? எல்லா டப்பாவிலும் "துருவைத் தடுக்கும்" என்றுதான் போட்டிருக்கிறது.

முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளை வாங்கி இரண்டு விஷயம் பாருங்கள். படலம் எப்படிப்பட்டது: எண்ணெயா, மெழுகா, காய்ந்த பூச்சா? உப்புத் தூறல் சோதனையில் எத்தனை மணி நேரம்? ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் பி117 முறையில், 5 சதவீத உப்புத் தண்ணீரை 35 டிகிரி வெப்பத்தில் தொடர்ந்து தூவிப் பார்ப்பார்கள். அந்த மணிக்கணக்கு இரண்டு சரக்கை ஒப்பிடத்தான் உதவும். 100 மணி நேரம் என்றால் உங்கள் பட்டறையில் இத்தனை மாதம் என்று கணக்குப் போட முடியாது.

தாளை நம்ப மனமில்லையா? எம்.எஸ். ஃபிளாட் (சாதா இரும்புப் பட்டை) துண்டு நாலு எடுத்து எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மூன்றில் ஒவ்வொரு ஸ்பிரே, ஒன்று வெறுமனே. மொட்டை மாடியில் வைத்துவிட்டுத் தினமும் பாருங்கள். எந்த விளம்பரத்தைவிடவும் எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மோட்டார் பவுண்டேஷன் போல்ட் நட்டு ஜாம். ஸ்பிரே அடித்து உடனே பைப் போட்டு நெம்பினேன், முனை மழுங்கிவிட்டது. இனி என்ன செய்யலாம் அண்ணா?

அவசரம்தான் காரணம் தம்பி. ஊடுருவும் ஆயில் மரைக்குள் இறங்க நேரம் கேட்கும். கம்பி பிரஷ்ஷால் மேல்துருவைச் சுரண்டு, ஆயில் விடு, நட்டின் பக்கங்களில் சுத்தியலால் மெதுவாகத் தட்டு. அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு ஆயிலுக்கு வழி கிடைக்கும். சாயங்காலம் இன்னொரு முறை விட்டு, மறுநாள் காலையில் கை வை. முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கழற்று. ஆறு முனை சாக்கெட் போடு, பன்னிரண்டு முனை வேண்டாம்.

அதற்கும் மசியாவிட்டால் சூடுதான். நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்தால் பிடி தளரும். ஆனால் ஸ்பிரே அடித்த ஈரத்தோடு நெருப்பைக் காட்டாதே. கரைப்பானும் தீப்பிடிக்கும், டப்பாவில் அழுத்தத்துக்கு அடைத்திருக்கும் வாயுவும் பல டப்பாக்களில் எல்.பி.ஜி.தான். துடைத்துக் காய்ந்த பிறகு செய். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங்கும் கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

ஆக்சிஜன் சிலிண்டர் ரெகுலேட்டர் இறுக்கமாக இருக்கிறது. கொஞ்சம் சிலிகான் ஸ்பிரே அடிக்கலாமா?

அடிக்கவே கூடாது! எந்த ஸ்பிரேயும், எந்த ஆயிலும், எந்த கிரீஸும். உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். ஆயில் கையோடு அதைத் தொடுவதே தப்பு. கழற்றிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

தையல் மெஷினுக்கு ஸ்பிரே அடிக்கலாம்னு அக்கா சொன்னாங்க, அடிக்கலாமா?

வேண்டாம். கடையில் கிடைக்கும் வெள்ளைத் தையல் மெஷின் ஆயில் போதும், ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. அப்புறம் பழைய துணியில் நாலு தையல் ஓட்டிவிடுங்கள்.

கடை ஷட்டர் பூட்டில் சாவி சிக்குகிறது. ஆயில் விட்டால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கிறது, திரும்பவும் அதே கதை.

ஆயிலில் தெருப்புழுதி ஒட்டிக் குழம்பாகிவிடுகிறது. ஸ்பிரே கிளீனரால் உள்ளே அலசி, நன்றாகக் காய விட்டு, கிராஃபைட் தூள் ஊதுங்கள். அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சாவியின் பற்களில் தேய்த்து நாலைந்து முறை போட்டு எடுத்தாலும் வேலை ஆகும்.

மண்வெட்டி, அரிவாளுக்கு வண்டியில் வடித்த பழைய என்ஜின் ஆயிலைத்தான் எங்கள் பக்கம் தடவுகிறோம். காசு மிச்சம். தப்பா ஐயா?

இரும்பு ஓரளவு தாங்கும் என்பது உண்மை. ஆனால் பழைய ஆயிலில் அமிலமும் கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கும். தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. வயலில் மண்ணோடு போவதும் நல்லதல்ல. புது ஆயில் கால் லிட்டர் வாங்கினாலே ஒரு வீட்டுக் கருவிகளுக்குப் பல மாதம் வரும். கழுவிக் காய்ந்ததும் துணியில் தொட்டுத் தடவினால் போதும், சொட்டச் சொட்ட வேண்டாம். உர மூட்டை பக்கத்தில் கருவிகளைச் சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உரம் ஈரம் இழுக்கும், அதிலிருக்கும் உப்பு இரும்பைத் தின்னும்.

அரிவாள்மனை மட்டும் தனி. சமையலுக்குப் போவதால் அதற்குத் தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும்.

தச்சுப் பட்டறை. பிளேனர் மேசையில் மரம் வழுக்கிப் போக சிலிகான் ஸ்பிரே அடித்தேன். இப்போது பாலிஷ் போட்டால் குட்டிக் குட்டியாய்க் குழி விழுகிறது.

சிலிகான்தான் அது. மேசையிலிருந்து மரத்துக்கு ஏறியிருக்கிறது. அது பட்ட இடத்தில் பாலிஷ் பரவாமல் விலகிக்கொள்ளும். பாலிஷ், பெயின்ட் நடக்கும் இடத்துக்குள்ளேயே அந்த ஸ்பிரேயைக் கொண்டு போகாதீர்கள். மேசையைத் தின்னரால் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் புதுத் துணி போட்டுத் துடையுங்கள். பிறகு சிலிகான் கலக்காத கட்டி மெழுகைத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மரமும் வழுக்கும், வார்ப்பிரும்பும் துரு ஏறாது. சாயங்காலம் மரத்தூளைத் தள்ளிவிட்டுப் போங்கள், இரவெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான்.

பைக் செயினுக்கு?

பல கையேடுகளில் 90 கியர் ஆயில் என்றே இருக்கும், அதுவே போதும். ஓ-ரிங் செயின் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ளது) என்றால் அதற்கென்று எழுதியிருக்கும் ஸ்பிரே. செயினின் உள்பக்கம் அடித்து, ராத்திரி விட்டு, காலையில் மிச்சத்தைத் துடையுங்கள். பிரேக் டிஸ்க்கில் படக்கூடாது.

டப்பாவை பைக் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், வெயிலில் நிற்கும். பரவாயில்லையா?

50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டி அதைத் தாண்டும். சின்ன ஆயில் கேனில் கொஞ்சம் மெஷின் ஆயில் ஊற்றி அதை வண்டியில் வையுங்கள், ஸ்பிரே வீட்டில் இருக்கட்டும்.