நொமினி வாங்கலாம், வைத்துக்கொள்ள முடியாது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன அம்மா, திருச்சியில் தம்பியோடு இருந்து போன வருடம் காலமானார். அப்பா முன்பே இல்லை. பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். உயிலும் இல்லை. வங்கியில் நிரந்தர வைப்பு ஒன்றும் ஆயுள் காப்புறுதி ஒன்றும் உண்டு. இரண்டுக்கும் தம்பிதான் நொமினி. 'அம்மா எனக்கென்றுதானே எழுதிவைத்தார்' என்கிறான். இந்தியச் சட்டம் அப்படியா சொல்கிறது?"

இல்லை, சகோதரி. வைப்புப் பணத்தில் உங்களுக்குச் சரிபாதி உண்டு.

தம்பி மட்டுமல்ல, நொமினி என்றதும் 'பணம் இவருக்குத்தான்' என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இந்திய நீதிமன்றங்கள் அந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் வேறு. நொமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் சர்பதி தேவி என்ற காப்புறுதி வழக்கில் சொன்னது. 2010-ல் வங்கி வைப்புக்கும் அதே பொருளைத்தான் கொடுத்தது. கை வாங்கும், பணம் வாரிசுகளுக்குச் சேரும். நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். தாயின் பணத்தில் மகனும் மகளும் சமம். உங்கள் இலங்கைக் குடியுரிமை அதைக் குறைக்காது.

காப்புறுதிதான் தலைவலி. 2015-ல் காப்புறுதிச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நொமினியாக இருந்தால் பயனும் அவர்களுக்கே என்று எழுதிவிட்டார்கள். உங்கள் தம்பி மகன். அந்தப் பட்டியலில் வருகிறார். பாலிசி பழையது என்று வாதாடிப் பயனில்லை, பணம் எப்போது கொடுக்கவேண்டி வந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். சரி, கதை முடிந்ததா? அதுவும் இல்லை. அந்தத் திருத்தம் வாரிசுரிமையை மீறாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. ஆனால் அது திருச்சி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பாராளுமன்றம் ஒரு வரியைத் தெளிவாக எழுதியிருந்தால் அக்காவும் தம்பியும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. ஆகவே காப்புறுதிப் பணத்தை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

வைப்புக்கு வருவோம். வங்கி முகாமையாளருக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நொமினி இருக்கும் வைப்பில் வேறொருவரின் கோரிக்கையை வங்கி ஏற்கத் தேவையில்லை என்று வங்கிச் சட்டமே சொல்கிறது. நீதிமன்ற உத்தரவு காட்டினால்தான் கவனிக்கும். பணம் ஏற்கெனவே தம்பி கைக்குப் போயிருந்தால் வங்கியை விடுங்கள், அவரிடம்தான் கேட்க வேண்டும். நொமினி படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது இதை எடுத்துச் சொல்லும் அலுவலர் ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

அப்புறம், தரகர்கள். 'இந்தியாவில் வாரிசுச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம்' என்று வருவார்கள். தாசில்தார் தரும் அந்தத் தாள் வாரிசுகள் யார் யார் என்று மட்டும் சொல்லும். உங்களுக்கு வேண்டியது, அம்மா கடைசியாக வாழ்ந்த ஊரின் நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ், அதாவது வாரிசு பணத்தைப் பெற அதிகாரம் தரும் தாள். இரண்டையும் குழப்பியே இவர்கள் காசு பார்க்கிறார்கள். சென்ற மாதம் ஓர் அம்மா, தரகர் கொடுத்த ஒரு அற்றோணித் தத்துவத்தை, அதாவது தன் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தைக் கொண்டுவந்தார். மூன்று பக்கம். மூன்றாவதில் கையெழுத்துக் கோடு மட்டும், மற்றதெல்லாம் வெறுமை. இரண்டாவது பக்கத்தின் நடுவில், பொடி எழுத்தில், 'விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் அதிகாரம்' என்றிருந்தது. விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். கையெழுத்திட்டிருந்தால் அந்த அம்மாவின் பங்கை அவர் பெயராலேயே இன்னொரு வாரிசுக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

திருச்சிக்குப் போக முடியாவிட்டால் அங்குள்ள ஒரு வழக்கறிஞருக்கோ நம்பிக்கையான உறவினருக்கோ, இந்த வழக்கை நடத்த மட்டும் என்று எழுதிய தத்துவம் கொடுங்கள். கொள்ளுப்பிட்டியில் இந்திய உயர் ஸ்தானிகராலயத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். தத்துவம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்கியவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.