பரணில் இருக்கும் எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

கேள்வி: கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது பால்சா மரத்தில் விமானம் செய்து, கம்பியில் கட்டிச் சுற்றிச் சுற்றிப் பறக்கவிட்டிருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பழைய 2.5 சிசி எஞ்சின் ஒன்று பரணில் கிடக்கிறது. ரேடியோ கண்ட்ரோலில் மறுபடி தொடங்க ஆசை. எதில் ஆரம்பிப்பது? – கோவை வாசகர்

பதில்: எஞ்சினில் ஆரம்பிக்க வேண்டாம். எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் இத்தனை வருடத்தில் உள்ளே பழுப்புப் பிசினாக இறுகியிருக்கும். புரொப்பெல்லரைப் பிடித்து வலுவாகத் திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒருநாள் காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, மெத்தனாலில் ஊறவையுங்கள். நன்றாக உலர்ந்ததும் ஹேர் டிரையரால் சூடாக்கினால் இளகிவிடும். அவசரமே இல்லை.

இப்போது வாங்க வேண்டியது பிரஷ்லெஸ் எனும் மின் மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி, கையில் பிடித்து இயக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர். விமானம் ஃபோமில் இருக்கட்டும். இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்து, நுனிகள் சற்றே உயர்ந்த, மூன்று சேனல் (தனித்தனியாக இயக்கும் மூன்று கட்டுப்பாடுகள்) பயிற்சி விமானம் போதும். கையை எடுத்தால் தானாகவே நிமிரும். போர் விமான மாடல்கள் கண்ணை இழுக்கும். முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். தெர்மாகோலில் நீங்களே செய்வதானால் ஃபெவிக்விக் கூடாது, ஃபோமையே கரைத்துவிடும். ஹாட் குளூ நல்லது.

பறக்கும் முன் பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது ஈர்ப்பு மையம், அதாவது விமானம் சாயாமல் சமமாக நிற்கும் இடம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, பின்விளிம்பு வரையிலான அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பின்னால் தள்ளி இருபுறமும் குறி போடுங்கள். பேட்டரியையும் வைத்துவிட்டு, குறிக்கு அடியில் இரண்டு விரல் நுனிகளால் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள், அதுவும் போதாவிட்டால் மூக்கில் எடை சேருங்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகவாவது பறக்கும். வால் கனத்தது கையை விட்ட நொடியிலேயே தலையைத் தூக்கி, வேகம் இழந்து விழும்.

கம்பி விமானத்தில் உங்களுக்குப் பழக்கமில்லாத சிக்கல் ஒன்று இதில் உண்டு. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாக மாறிவிடும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது. எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே டிரான்ஸ்மிட்டர் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். களத்துக்குப் போகும் முன் கணினி சிமுலேட்டரில் இதை விரல் தானாகச் செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

அடுத்தது இடம். 2021 டிரோன் விதிகள் மாடல் விமானத்துக்கும் பொருந்தும். வரைபடத்தில் பச்சையாகக் குறித்த பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 60 மீட்டர்தான். உங்களுக்கு ஒரு பக்கம் பீளமேடு விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். அதனால் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பதிவு எண்ணையும் முன்பே வாங்கிவிடுங்கள். காற்று எழும்பாத விடியற்காலை, மின்கம்பி இல்லாத அறுவடை முடிந்த வயல் அமைந்தால் அருமை. ஆடிக் காற்றில் புது விமானத்தை எடுக்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை முழு சார்ஜில் விட்டுவைக்காதீர்கள். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் சேமியுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாமல் கழித்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.