மைஎஸ்கியூஎல் (தரவுத்தள மென்பொருள்) வினவலில் ஊழியர்களின் வருகைப் பதிவை எண்ணும்போது, ஒரே ஊழியருக்கு மூன்று வரி (ரோ) வருவது ஏன்?

குரூப் பை-யில் (வரிகளைத் தொகுக்கும் பகுதி) ஊழியர் எண் மட்டும் இருக்கட்டும். 'நிலை' நெடுவரிசையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அது இருப்பதால்தான் ஒரே ஆளுக்கு வருகை, விடுப்பு, அரைநாள் என்று மூன்று வரி வருகிறது. மைஎஸ்கியூஎல்லில் பிவட் (வரிகளை நெடுவரிசைகளாக மாற்றும் கட்டளை) கிடையாது, தேடி அலைய வேண்டாம்.

செலக்டில் ஒவ்வொரு நிலைக்கும் இப்படி ஒன்று எழுதுங்கள்:

சம்(கேஸ் வென் நிலை = 'விடுப்பு' தென் 1 எல்ஸ் 0 எண்ட்) ஆஸ் விடுப்பு

நிலை 'விடுப்பு' என்றால் 1, இல்லையென்றால் 0; சம் அவற்றைக் கூட்டும். சம்முக்குப் பதில் கவுண்ட் (எண்ணும் கட்டளை) போட்டால் அந்த 0-வையும் சேர்த்து எண்ணிவிடும். மூன்று நெடுவரிசையிலும் ஒரே எண் வந்து நிற்கும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரிபார்க்க, செலக்டின் கடைசியில் கவுண்ட்(*) ஆஸ் மொத்தம் என்று சேருங்கள்; அது எல்லா வரிகளையும் எண்ணும். மூன்றையும் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைகிறதா? நிலை காலியாக உள்ள வரிகளோ எழுத்துப்பிழையோ உள்ளே கிடக்கிறது.

அப்புறம், நாளை 'வெளிவேலை' என்று புது நிலை வந்தால் அதற்கும் ஒரு சம் நீங்களேதான் சேர்க்க வேண்டும், தானாக வராது.