வாளி எஞ்சினும் ஒரு வயரும்

ஐயா, வணக்கம்.

எரிபொருள் இல்லாமல் மைக்ரோவேவை மட்டும் வைத்து ஓடும் 'இஎம் டிரைவ்' பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். நாசாவே சோதித்து, உந்துவிசை இருக்கிறது என்று சொன்னதாம். நட்சத்திரங்களுக்கே போகலாமாம். அப்புறம் ஏன் பேச்சே இல்லை? அமுக்கிவிட்டார்களா? கடைசி வருட பிராஜெக்டாக இதை எடுக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

யாரும் அமுக்கவில்லை. ஆற அமர அளந்தார்கள், விசை காணாமல் போயிற்று. போன விதம்தான் சுவாரசியம்.

ரோஜர் ஷாயர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 2001 வாக்கில் முன்வைத்தது இது. வாளி மாதிரி ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய செம்புக் கூடு, இருபக்கமும் மூடியது. உள்ளே மைக்ரோவேவ் மோதித் திரும்பும்போது அகன்ற பக்கத்தில் அழுத்தம் கூடும், கூடு நகரும் என்றார். பிரேக்டவுன் ஆன பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியைத் தள்ளுகிற கதைதான்.

ஹூஸ்டனில் நாசாவின் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று 2016இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு கிலோவாட் மின்சக்திக்கு 1.2 மில்லிநியூட்டன் விசை என்றது. பார்க்க அற்பம். ஆனால் ஒளியை மட்டும் பின்னால் வீசும் ராக்கெட்டைவிட இது சுமார் 360 மடங்கு. எந்த வேகத்திலும் இதே கணக்கு என்றால், நொடிக்கு 830 கி.மீ.யைத் தாண்டியதும் நாம் கொடுக்கும் மின்சாரத்தைவிட அதிக ஆற்றல் கலத்தில் சேரும். ஓசி கரண்ட்! அது நடக்காது. ஆசைப்பட்டவர்களையும் குறை சொல்ல மாட்டேன். நொடிக்கு 17 கி.மீ. போகும் வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டு தூரத்திலுள்ள பிராக்சிமா செண்டாரி நட்சத்திரத்தைத் தொட 75,000 வருடம் ஆகும்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் டாஜ்மர் குழு 2018இல் ஒரு வேலை செய்தது. மின்சாரத்தை அப்படியே ஓடவிட்டு, கூட்டுக்குள் போகும் அலையை மட்டும் பத்தாயிரத்தில் ஒரு பங்காக வெட்டினார்கள். விசையை அளக்கும் தராசு அதே விசையைக் காட்டியது! அப்படியென்றால் தள்ளியது கூடு இல்லை. அவர்களின் சந்தேகம் வயர் மேல் விழுந்தது: மின்சாரம் ஓடும் வயரைக் காந்தப்புலம் தள்ளும். நீங்களே போட்டுப் பாருங்கள்: பூமியின் காந்தப்புலம் அங்கே சுமார் 50 மைக்ரோடெஸ்லா, அதில் 3 செ.மீ. வயரில் 2 ஆம்பியர் ஓடினால் 3 மைக்ரோநியூட்டன். அவர்கள் துரத்திய விசையும் ஏறக்குறைய அந்த அளவுதான். பிறகு நாசா கருவியைப் போலவே ஒன்றைச் செய்து, அது சூடாகி விரிவதால் தராசு ஏமாறாதபடி தொங்கவிடும் முறையையும் மாற்றினார்கள். 2021இல் வந்த முடிவில் விசையே இல்லை.

மின்சாரத்தை நம்பிய உந்துவிசை எல்லாமே பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாசாவின் டான் விண்கலம் செனான் அயனிகளை மின்புலத்தால் பின்னால் வீசித்தான் வெஸ்டா என்ற சிறுகோளுக்கும் சீரிஸ் என்ற குறுங்கோளுக்கும் போனது. அங்கே பின்னால் வீச ஒரு பொருள் இருந்தது.

பிராஜெக்ட்? தாராளமாக எடுங்கள். ஆனால் முதல் மாதம் செம்பு வாளியைத் தொடாதீர்கள். அதன் இடத்தில் வெறும் ரெசிஸ்டரை மாட்டி, வயரோடு தராசில் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். முள் அசைந்தால் எனக்கு எழுதுங்கள்.