வின்சன் போகலாம், ஆனால் அட்வான்ஸ் யார் பெயருக்கு?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். வயது 36. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போய் வந்தேன், கிளிமஞ்சாரோ உச்சி ஏறினேன். அடுத்து அண்டார்டிகாவின் மிக உயரமான வின்சன் மலை ஏற ஆசை. பெங்களூரு ஏஜென்ட் ஒருவர் மொத்தம் 52 லட்சம் என்கிறார், அவர் தந்த கணக்குத்தாளை இதோடு அனுப்பியிருக்கிறேன். இந்த மாதத்துக்குள் 10 லட்சம் கட்டினால் 4 லட்சம் தள்ளுபடியாம். "கிளிமஞ்சாரோவை விட ஆயிரம் மீட்டர் குறைவு, வழிகாட்டி கூடவே வருவார், தனிப் பயிற்சி தேவையில்லை" என்கிறார். அம்மா பெயரில் உள்ள மாந்தோப்பை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இந்த மாதம் கட்டாதீர்கள், தோப்பை அடகு வைத்தும் கட்டாதீர்கள். வின்சனை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள் என்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் தள்ளுபடி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். "இந்த மாதத்துக்குள்" என்ற தள்ளுபடி அடுத்த மாதமும் வரும்.

முதலில் உயரக் கணக்கு. வின்சன் 4,892 மீட்டர், கிளிமஞ்சாரோ 5,895. நீங்கள் போன பேஸ் கேம்ப்பே 5,364. காகிதத்தில் பார்த்தால் வின்சன் சின்ன மலைதான். ஆனால் கிளிமஞ்சாரோ நடந்து ஏறும் மலை. சமையல்காரர் உண்டு, மூட்டை தூக்க ஆள் உண்டு. நீங்கள் தண்ணீர் பாட்டிலும் மழைக்கோட்டும் சுமந்திருப்பீர்கள். வின்சனில் மூட்டை தூக்க யாரும் கிடையாது. பேஸ் கேம்ப்பிலிருந்து முதல் முகாம் வரை இடுப்பில் கயிறு கட்டி ஸ்லெட்ஜில், அதாவது பனியில் வழுக்கிப் போகும் சக்கரமில்லா வண்டியில், சாமானை நீங்களே இழுக்க வேண்டும், முதுகிலும் ஒரு பை இருக்கும். அதற்கு மேல் ஸ்லெட்ஜ் ஏறாது. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் செங்குத்துப் பனிச்சரிவு, அதில் நிரந்தரமாகக் கட்டிய கயிறு. காலில் கிராம்பான் (பூட்ஸ் அடியில் மாட்டும் இரும்பு முள்), கையில் ஜூமர் (கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடி). கயிற்றின் ஒவ்வொரு முடிச்சிலும் கொக்கியைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்ட வேண்டும். வழிகாட்டி உங்கள் கூடத்தான் இருப்பார், ஆனால் உங்கள் கொக்கியை அவர் மாட்ட மாட்டார்.

இன்னொன்று, துருவப் பக்கம் காற்றழுத்தம் குறைவு. அதே உயரம் நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பதைவிட அங்கே உடம்புக்குக் கூடுதலாகத் தெரியும். கிளிமஞ்சாரோ இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அதனால் அந்த ஆயிரம் மீட்டரை அப்படியே கழித்துக் கணக்குப் போட முடியாது.

குளிரைப் பற்றி ஏஜென்ட் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சீசன் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, அங்கே அதுதான் கோடைக்காலம். சூரியன் மறைவதே இல்லை. ஆனால் தினமும் சில மணி நேரம் மலையின் நிழல் முகாம் மேல் விழும். அப்போது குளிர் சடாரென்று மைனஸ் 30க்குக் கீழே இறங்கும். தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிர் எனக்கும் தெரியும், அதை வைத்து இதை எடை போடாதீர்கள். அங்கே ஒரு கையுறையைக் கழற்றி ஐந்து நிமிடம் ஷூ லேஸ் கட்டினால் விரல் நுனி வெளுத்துவிடும். அந்த விரல் திரும்பச் சிவக்குமா கறுக்குமா என்பது அடுத்த அரை மணி நேரத்தில் நீங்கள் செய்வதைப் பொறுத்தது. ஸ்லெட்ஜ் இழுக்கும்போது வியர்க்கும். நின்றதும் அந்த வியர்வைதான் எமன். பருத்தி பனியன் ஒன்றுகூட எடுத்துப் போகக் கூடாது.

இனி பணம், எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

வின்சனுக்குப் போகும் வழி கிட்டத்தட்ட ஒன்றுதான். சிலி நாட்டின் தென்கோடியில் புந்தா அரெனாஸ். அங்கிருந்து விமானத்தில் நாலரை மணி நேரம் பறந்து யூனியன் கிளேசியர் என்ற முகாமில், நீலப் பனி மேல், சக்கரத்தோடு இறங்கும் விமானம். பிறகு பனிச்சறுக்கு கட்டை மாட்டிய சின்ன ட்வின் ஆட்டர் விமானத்தில் பேஸ் கேம்ப். அந்த முகாமையும் விமானங்களையும் நடத்துவது அண்டார்டிக் லாஜிஸ்டிக்ஸ் அண்ட் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற ஒரே நிறுவனம். அமெரிக்கக் கம்பெனியோ ஐரோப்பியக் கம்பெனியோ, யார் உங்களை வின்சனுக்குக் கூட்டிப் போனாலும் அந்த விமானத்தில்தான் இடம் வாங்குகிறார்கள். பெங்களூரு ஏஜென்ட் அந்தக் கம்பெனிகளில் ஒன்றிடம் வாங்கி உங்களுக்கு விற்பவர். சில சமயம் அவருக்கு மேலும் ஓர் ஏஜென்ட் இருப்பார். மாம்பழம் தோப்பிலிருந்து மண்டிக்குப் போய், மண்டியிலிருந்து லாரிக்குப் போய், கடைக்கு வரும்போது விலை என்ன ஆகிறது என்பதைக் காவேரிப்பட்டணத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புந்தா அரெனாஸிலிருந்து திரும்ப அங்கேயே வந்து சேரும் வரை 50,000 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். அதோடு விமான டிக்கெட், உடை, காப்பீடு. ஆகவே 52 லட்சம் என்ற தொகையைப் பார்த்து நான் ஏமாற்று என்று சொல்லவில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது, யார் பெயருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. நீங்கள் அனுப்பிய கணக்குத்தாளில் "சிகரக் கட்டணம் மற்றும் அண்டார்டிகா அனுமதி: 1,80,000" என்று ஒரு வரி இருக்கிறது. எவரெஸ்ட்டுக்கு நேபாள அரசு கட்டணம் வாங்குகிறது, இப்போது ஒருவருக்கு 15,000 டாலர். வின்சனுக்குச் சிகரக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. 1959ல் கையெழுத்தான அண்டார்டிகா ஒப்பந்தம் எல்லா நாட்டின் உரிமை கோரலையும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது, அதனால் என் மலை என்று கட்டணம் கேட்க அங்கே எந்த அரசும் இல்லை. நம் நாட்டில் 2022ல் இந்திய அண்டார்டிகா சட்டம் வந்தது. அதன்படி அனுமதி வேண்டும், உண்மைதான். ஆனால் ஒப்பந்த நாடு ஒன்றின் எழுத்துபூர்வமான அனுமதியோடு இயங்கும் பயணமென்றால் அதுவே போதும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கொடுத்தால் 1,80,000 எதற்கு என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் வேறு எதையும் கேட்க வேண்டாம்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ரஷ்யாவில் உள்ள எல்ப்ரூஸ் மலை ஏற ஓர் ஏஜென்ட்டிடம் முழுப்பணமும் கட்டிவிட்டு அங்கே மினரால்னியே வோடி விமான நிலையத்தில் இறங்கினேன். பெயர்ப்பலகை பிடித்து நின்ற ஆள் பட்டியலில் என் பெயரைப் பார்த்தார். பக்கத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. "பாதிதான் வந்திருக்கிறது" என்றார். அங்கேயே மீதியைக் கட்டினேன், ஊருக்கு வந்து ஆறு மாதம் அலைந்தேன், ஒரு பைசா திரும்பவில்லை. எல்ப்ரூஸிலாவது பாதிப் பணம் வந்தவனை ஏற்றினார்கள். யூனியன் கிளேசியருக்கு அப்படி ஏற முடியாது. விமானத்தில் இடம் இல்லையென்றால் இல்லைதான்.

எல்லா ஏஜென்ட்டும் இப்படி என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் ஆளே குழு சேர்த்துக் கூட்டிப் போவது நல்லதாகவும் இருக்கலாம். சாப்பாடு, பேச்சு, விசா படிவம் எல்லாவற்றுக்கும் உதவி. ஆனால் அந்த நல்ல ஆளை மூன்று அடையாளத்தில் தெரிந்துகொள்ளலாம். பயணத்தை நடத்தும் கம்பெனியின் பெயரை முதல் நாளே சொல்வார், "பார்ட்னர்" என்று மழுப்ப மாட்டார். அந்தக் கம்பெனி தரும் ரசீதில் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே இருக்கும், குழுவின் பெயரோ ஏஜென்ட்டின் பெயரோ இருக்காது. பயணத் தொகையை நேராக அந்தக் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வார், தன் சேவைக் கட்டணத்தை மட்டும் தனியாக, ஜிஎஸ்டி எண்ணோடு பில் போட்டு வாங்குவார். மூன்றும் சரியாக இருந்தால் அவரோடு போங்கள், கொஞ்சம் கூட வாங்கினாலும் பரவாயில்லை. இரண்டு சரி, மூன்றாவதற்கு "அது நம்பிக்கையில்தான் சார்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு திருத்தம். ஏஜென்ட்டே கம்பெனியாகப் பதிவு செய்து, வழிகாட்டியைத் தானே அமர்த்தி, விமான இடத்தைத் தானே வாங்கியிருந்தால் பணம் அவர் கணக்குக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் விமான இடம் வாங்கிய ஒப்பந்தத்தில் உங்கள் சீசனும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். அதைக் காட்டத் தயங்குகிறவர் இன்னும் வாங்கவில்லை என்று அர்த்தம். உங்கள் 10 லட்சத்தை வைத்துத்தான் வாங்கப் போகிறார்.

கம்பெனிக்கு நேராகப் பணம் அனுப்பலாம் என்று எழுதிவிட்டேன், அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். ரிசர்வ் வங்கி ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதிக்கிறது. பான் கார்டும், எதற்காக அனுப்புகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் ஏ2 படிவமும் போதும். ஆனால் கிருஷ்ணகிரியில் ஒரு கிளைக்குப் போனேன், ஓசூர் போகச் சொன்னார்கள். ஓசூரில் பெங்களூரு போகச் சொன்னார்கள். "மலையேறவா? மருத்துவச் செலவு என்று எழுதிவிடுங்கள், சீக்கிரம் ஆகும்" என்று ஒருவர் யோசனையும் சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். காரணத்தைப் பொய்யாக எழுதினால் பின்னால் வருமான வரியில் மாட்டுவீர்கள். அனுப்பும்போது டிசிஎஸ் என்று ஒரு முன்கூட்டிய வரிப் பிடித்தம் இருக்கும், சதவீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். ஏஜென்ட்டுக்குப் பணமாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஜனங்கள் அங்கே போய் விழுவதும் அதனால்தான்.

"ஏறி வந்தால் அரசு பணம் தரும்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால் அதையும் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். ஒருசிலருக்கு உதவி கிடைத்திருக்கிறது, ஆனால் அது போகும் முன்பே மனு கொடுத்து அலைந்து வாங்கியது. காப்பீட்டுக்கு வாருங்கள். விமான டிக்கெட்டோடு 2,000 ரூபாய்க்கு வரும் பயணக் காப்பீடு மலையேற்றத்துக்குச் செல்லாது. பெரும்பாலும் "கயிறு பயன்படுத்தும் ஏற்றம் நீங்கலாக" என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அண்டார்டிகாவிலிருந்து ஆளை எடுத்து வரும் செலவு உங்கள் 52 லட்சத்தைத் தாண்டிப் போகலாம். அதற்குத் தனிக் காப்பீடு இல்லாமல் உங்களை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் இப்போதே பேசுங்கள்.

இந்த இரண்டு வருடத்தில் செய்ய வேண்டியது அடிப்படை மலையேற்றப் படிப்பு. உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், டார்ஜிலிங்கில் 1954ல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், இரண்டில் ஒன்று. கிட்டத்தட்ட ஒரு மாதம். காத்திருப்போர் பட்டியல் நீளம், வயது வரம்பும் உண்டு, உங்கள் வயதுக்கு இந்த வருடமே விண்ணப்பிப்பது நல்லது. அரசுக் கட்டணம் என்பதால் ஏஜென்ட் சொல்லும் தள்ளுபடித் தொகையில் ஒரு மூலைக்கும் காணாது. அங்கே 'ஏ' கிரேடு வாங்கினால் மேல்படிப்பு. பிறகு இமயமலையில் 6,000 மீட்டருக்கு மேல் ஒரு சிகரம், கயிறு போட்டு. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துக்காரர் மல்லி மஸ்தான் பாபு 2006 ஜனவரியில் வின்சன் ஏறி, அதே வருடம் 172 நாளில் ஏழு கண்டங்களின் உச்சியையும் முடித்தார். அவர் நேரே வின்சனில் தொடங்கியதாக ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். அதற்கு முன்னால் எத்தனை மலை ஏறியிருந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

ஊரிலேயே தொடங்குங்கள். ஞாயிறு காலையில் ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு 15 கிலோ மணல் மூட்டையோடு ஏறுங்கள், வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். கொக்கி மாட்டப் பழக என்னிடம் வந்த ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். ஓசூரில் ஐஸ்க்ரீம் மொத்த வியாபாரி ஒருவரின் மைனஸ் 18 கிடங்கில், உரிமையாளரிடம் கேட்டு, வெளியே ஆளை நிறுத்தி, மூன்று அடுக்குக் கையுறையோடு 20 நிமிடம் கேரபினரை, அதாவது அந்தக் கொக்கியைத், திறந்து மூடிக்கொண்டிருந்தார். முதல் நாள் பத்தாவது நிமிடத்தில் வெளியே ஓடி வந்துவிட்டார்.

ஸ்லெட்ஜ் பழக்கத்துக்கு டயர். இடுப்பில் ஹார்னஸ் என்ற பட்டை, மூன்று மீட்டர் கயிறு, தோப்பு மண்பாதையில் ஒரு மணி நேரம். லாரி டயர் வேண்டாம், முதுகு போய்விடும். பழைய கார் டயர் ஒன்று ரீட்ரெடிங் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மழை பெய்த மறுநாள் இழுக்காதீர்கள், சேறு ஒட்டி இரண்டு மடங்கு கனமாகும்.